தீக்குச்சி மருந்தில் ராக்கெட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த சிறுவர் இணைப்பில் ‘வீட்டிலேயே ராக்கெட் செய்யலாம்’ என்று அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். தீக்குச்சித் தலையில் உள்ள மருந்தைச் சுரண்டி எடுத்துக் குழாயில் அடைத்துக் கொளுத்தச் சொல்கிறது அந்தப் பகுதி. கீழே பொடி எழுத்தில், ‘பெரியவர்கள் மேற்பார்வையில் செய்யவும்’ என்று ஒரு வரி. பெரியவளாகிய நான் மேற்பார்வை செய்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்குக் கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கும் பகுதியில் வேலை பார்த்தார். குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். வஜ்ரப் பசையோடு குழைத்து ஈரமாக வைத்திருக்கும்போது சாதுவாக இருக்கும். “ஈரம் இருக்கும் வரைதான் நாம் அதற்கு முதலாளி” என்பார் அப்பா. காய்ந்த மருந்தைச் சுரண்டக் கூடாது, இடிக்கக் கூடாது, குத்தி இறுக்கக் கூடாது. தங்கள் இணைப்பு பத்து வயதுப் பிள்ளையிடம் இந்த மூன்றையும் வரிசையாகச் செய்யச் சொல்கிறது. வரைந்து காட்டியிருக்கும் குழாய் வேறு உலோகம். அது வெடித்தால் துண்டு துண்டாகச் சிதறும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ராக்கெட் செய்வதையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. திருமணமாகி அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் நெடுங்காலம் இருந்தேன். மகனுக்காகத் தொடங்கிய மாதிரி ராக்கெட் பொழுதுபோக்கு, அவன் கல்லூரிக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் பாதியை என் ராக்கெட்டுகள் பிடித்துக்கொண்டன. கார் வெயிலில் நின்றது. அதனால்தான் தங்கள் பக்கத்தைப் பார்த்ததும் இவ்வளவு கோபம் வருகிறது. இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே, பிள்ளைகள் இப்படி மருந்து அடைத்து விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்ததைத் தடுக்கத்தான்.

1950-களில் அமெரிக்கச் சிறுவர்களுக்கு ராக்கெட் பித்து பிடித்திருந்தது. 1957 அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேலே போனதும் அது தலைக்கேறியது. தீக்குச்சி மருந்து, துத்தநாகத் தூளும் கந்தகமும் என்று கிடைத்ததையெல்லாம் குழாயில் திணித்தார்கள். நெப்ராஸ்கா மாநிலம் நார்போக் என்ற ஊரில் ஆர்வில் கார்லைல் என்று ஒருவர் செருப்புக்கடை வைத்திருந்தார். பட்டாசில் ஆர்வம் உள்ளவர்; அவருடைய சகோதரருக்கோ மாதிரி விமானங்களில் ஆர்வம். இருவருமாக 1954-இல் காகிதத்தாலும் பால்சா என்ற எடை குறைந்த கட்டையாலும் ஒரு ராக்கெட் செய்தார்கள். மேலே போய், பாராசூட் விரித்து இறங்கி, மோட்டாரை, அதாவது மருந்து அடைத்த குழலை மட்டும் மாற்றினால் மறுபடியும் பறக்கிற ராக்கெட். நியூ மெக்சிகோ ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவர் ராக்கெட் பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, கார்லைல் தம்முடையதை 1957-இல் அவருக்கு அனுப்பிவைத்தார். பிள்ளைகளைக் காப்பாற்ற இதுதான் வழி என்று ஸ்டைனுக்குப் பட்டது. மாதிரி ராக்கெட் விற்க டென்வரில் நிறுவனம் தொடங்கினார். அந்த நிறுவனத்துக்கு மோட்டார் செய்து கொடுக்க வந்த வெர்ன் எஸ்டஸ், ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டாரைத் தானாகச் செய்து தள்ளும் இயந்திரத்தைக் கட்டி, அதற்கு மேபல் என்று செல்லப்பெயர் வைத்தார். மருந்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும், மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவர்கள் போட்ட பாகப்பிரிவினை. தங்கள் கட்டுரையாளர் அந்தப் பாகப்பிரிவினையைத் தலைகீழாக்கிவிட்டார்.

அந்த மோட்டார் கட்டைவிரல் பருமனுள்ள காகிதக் குழல். 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். அடியில் களிமண் துவாரம். உள்ளே கருமருந்து மிகுந்த அழுத்தத்தில் கட்டியாக இறுக்கப்பட்டிருக்கும். ஊதுபத்தி எரிவதைப் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காக எரியும். கையால் அடைத்த தூளில் இந்த ஒழுங்கு இருக்காது. இடுக்கு இடுக்காக நெருப்பு புகுந்து மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றும்; அதற்குப் பெயர் ராக்கெட் இல்லை, குண்டு. மோட்டாரின் மேல் சி6-5 என்று அச்சிட்டிருந்தால், மொத்தக் கணத்தாக்கு (விசையை அது தள்ளும் நேரத்தால் பெருக்கியது) அதிகபட்சம் 10 நியூட்டன்-விநாடி, சராசரி விசை 6 நியூட்டன், எரிந்து முடிந்து 5 விநாடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளிவிடும் என்று பொருள். தாமதம் குறைந்தால் ராக்கெட் வேகமாக ஏறும்போதே பாராசூட் விரிந்து கிழியும். கூடினால் தலைகுப்புற இறங்கும் வேகத்தில் விரியும். மகனுக்குப் பள்ளியில் ஏறாத நியூட்டன் விதி, மோட்டார் வாங்கப்போன கடையில் ஏறியது.

மருந்தைக் கழித்துவிட்டால் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எல்லாமே இருக்கிறது. ராக்கெட்டின் வால் பக்கம் ஒட்டும் துடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பால்சா தகட்டில் நரம்பு ஓடும் திசை துடுப்பின் முன்விளிம்போடு ஒத்துப்போக வேண்டும். குறுக்கே ஓடினால் தரையில் பட்டதும் பிஸ்கட்டாக ஒடியும். வெட்டிய துடுப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து உப்புத்தாளில் தேய்த்தால்தான் எல்லாம் ஒரே அளவாக அமையும். ஒட்டும்போது குழாயோடு சேரும் விளிம்பில் மரப்பசையை மெல்லியதாகத் தடவி, ஒருமுறை வைத்து எடுத்து, சற்றுப் பிசுபிசுப்பானதும் மறுபடி வைத்து அழுத்த வேண்டும். காய்ந்த பிறகு இணைப்பு ஓரத்தில் பசையை ஓடவிட்டு விரல் நுனியால் ஒரே இழுப்பு. கோலப்பொடி பிடித்துப் பழகிய விரலுக்கு அது எளிதாக வந்தது.

பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். பால்சாவில் அப்படியே பெயிண்ட் அடித்தால் கட்டை அதைக் குடித்துவிட்டு ரேகை ரேகையாகப் பல்லைக் காட்டும். தச்சர்கள் பட்டி பார்ப்பதைப் போலவே இதற்கும் பார்க்க வேண்டும். மரப்பட்டியைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, தூரிகையால் பூசி, காயவிட்டு, 220-ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி பூசி, 400-ஆம் எண்ணில் தேய்த்தால் நகம் வைத்தாலும் வழுக்கும். அதன் மேல் வெள்ளைப் பிரைமர். ஒளிரும் ஆரஞ்சு நிறம் வெள்ளைக்கு மேல்தான் ஒளிரும். சாம்பல் பிரைமருக்கு மேல் அடித்தால் வாடிய கனகாம்பரம். ஒரே அடியாக அடித்தால் வழிந்துவிடும் என்பதால் படலம் படலமாக அடிக்க வேண்டும். அளவு மீறினாலும் வால் பக்கம் எடை கூடி ராக்கெட் தடுமாறும். அழகுக்கும் பறப்புக்கும் இருக்கும் இந்த இழுபறிக்காகவே நான் இதில் இத்தனை காலம் இருந்தேன்.

தடுமாறுமா என்று பறக்கவிடும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். மோட்டார், பாராசூட் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, ராக்கெட் சமமாக நிற்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்ற வேண்டும். மூக்கு முன்னால் வந்தால் சரி. குட்டிக்கரணம் போட்டால் மூக்குக் கூம்புக்குள் சிறிது களிமண் எடை. ஈர்ப்பு மையம், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்துக்குக் குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும் என்ற கணக்கைத்தான் இந்த நூல் சொல்லிக்கொடுக்கிறது.

ஏவும் நாளில் கொளுத்துவது என்ற பேச்சே கிடையாது. செங்குத்தாக நட்ட கம்பியில் ராக்கெட்டைக் கோத்து, சிறிய மோட்டார் என்றால் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்று, பேட்டரியோடு இணைத்த பொத்தானை அழுத்த வேண்டும். பற்றவில்லை என்றால் பொத்தான் பெட்டியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் யாரும் அருகில் போகக் கூடாது. குளிர்காலக் காலைகளில் பிளாஸ்டிக் பாராசூட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குழந்தைப் பவுடர் தூவி மடிப்போம். அது விரியும்போது வானத்தில் ஒரு சிறு வெள்ளைப் புகை தெரியும். கீழே இருந்து எல்லாரும் ‘அப்பாடா’ என்போம், அவரவர் மொழியில்.

தீபாவளி ராக்கெட் கொளுத்துகிற நாட்டில் இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சிலர் எழுதக்கூடும். தீபாவளி ராக்கெட்டை உரிமம் பெற்ற ஆலையில், பழகிய கைகள் அடைக்கின்றன. அதையும் பிரித்து மருந்தை எடுப்பது இன்னொரு விபரீதம். அடுத்த வாரம் அதைப் போட்டுவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பதை 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமே ஒப்புக்கொள்வதில்லை. தங்கள் செய்தியாசிரியருக்குத் தெரிந்த சட்டம் இணைப்பாசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலையில் செய்த அந்த மோட்டார்கள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். அதற்காகப் பிள்ளைகளைத் தீக்குச்சியிடம் அனுப்ப வேண்டியதில்லை. தண்ணீர் ராக்கெட் இருக்கிறது. ஆசிய பசிபிக் விண்வெளி மன்றம் 2005 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதற்கென்றே போட்டி நடத்திவருகிறது. சோடா வகைக் குளிர்பானம் வந்த பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வால்வு பொருத்திய ரப்பர் அடைப்பால் மூடி, கவிழ்த்து ஒரு பிடிப்பில் மாட்டி நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். அழுத்தமானி உள்ள பம்பாக இருக்கட்டும். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டைத் (40 psi) தாண்ட வேண்டாம். கீறல் விழுந்த பாட்டிலும், குடிதண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டிலும் ஆகாது. பிடிப்பை விடுவிக்கும் கயிறு நீளமாக இருக்க வேண்டும். பாட்டிலுக்கு மேல் யாரும் குனியக் கூடாது. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடமில்லை, குறைந்தால் தள்ளுவதற்குப் பொருளில்லை என்பதைப் பிள்ளைகளே நனைந்து கண்டுபிடிப்பார்கள். துடுப்புக்குக் கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். நூல் சோதனை இதற்கும் உண்டு.

எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வேறு பேச்சே பேசுவதில்லை. அறுவடை முடிந்த கரிசல் காடு கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. தண்ணீர் ராக்கெட் விட அதைவிட நல்ல இடம் டென்வரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. தலைமையாசிரியர்கள் யாராவது கேட்டால் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வரும் இணைப்பிலேயே, அதே பக்கத்தில், அதே அளவில் மறுப்பு வெளியிடுங்கள். மூலையில் நான்கு வரி போதாது. அதனுடன் போடுவதற்காகத் தண்ணீர் ராக்கெட் செய்முறையைப் படங்களோடு தனித் தாளில் எழுதி இத்துடன் அனுப்பியுள்ளேன். சன்மானம் வேண்டாம். எதிர்வீட்டுப் பையன் தங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தான். வேறு நல்ல பக்கம் வரும் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டேன். தினமும் பள்ளி விட்டதும் வந்து, “பாட்டி, வந்துவிட்டதா?” என்று கேட்கிறான். ஆகவே ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோவில்பட்டி.