வேலை போனபின் சம்பளம் ஏன் மீள்வதில்லை?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் இளைய மகனுக்கு மீண்டும் வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக ஒப்புக்கொண்டான் என்று எழுதியிருந்தது மனத்தை உறுத்துகிறது. இத்தனை மாத இடைவெளியில் கற்ற தொழில் மறந்தா போகும் என்று கேட்டிருந்தீர்கள்.

மறதி சிறு பங்குதான். செய்யாத வேலையில் வேகமும் துல்லியமும் குறையும், அதற்குள் கருவிகளும் மாறும்; என்றாலும் அவற்றைப் பழகி மீட்டுவிடலாம். மீட்க முடியாதது வேறு. ஒரே ஆலையில் பல ஆண்டுகள் இருந்தவருக்கு அங்குள்ள இயந்திரங்களின் போக்கும், எந்தச் சிக்கலுக்கு யாரை அணுகுவது என்பதும் அத்துப்படி. அதற்கும் சேர்த்தே அவருக்குச் சம்பளம் உயர்ந்திருக்கும். வேறொரு நிறுவனத்தில் அந்த அறிவுக்கு விலையே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1980களின் தொடக்கத்தில் ஆட்குறைப்பால் நீண்டகால வேலையை இழந்தோரைப் பற்றி 1993இல் வெளியான ஆய்வு, ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களின் வருமானம், வேலை போகாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடச் சுமார் 25 விழுக்காடு குறைவாகவே இருந்ததாகக் காட்டியது.

அடுத்தது சந்தேகம். அதே நாட்டில் ஆய்வாளர்கள் கற்பனையான விண்ணப்பங்களை உண்மையான காலியிடங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வேலையின்றி இருந்த காலம் நீள நீள, முதல் எட்டு மாதங்களுக்குள்ளாகவே நேர்காணல் அழைப்புகள் சரிந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: வேலையில்லாதோர் மிகுந்த ஊர்களில் அந்தச் சரிவு குறைவாக இருந்தது. திறமை தேய்வதுதான் முழுக் காரணமென்றால் ஊருக்கு ஊர் இவ்வளவு வேறுபாடு ஏன்? எல்லோரும் தவிக்கும் இடத்தில் இடைவெளியைப் பார்த்து எவரும் ஆளை எடைபோடுவதில்லை. வேலை தாராளமாக இருக்கும் இடத்திலோ, ‘இவனுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை’ என்ற கேள்வி எழுகிறது. ஆகவே உங்கள் மகன் தன் கைத்திறனைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை.

என் தரப்பில் சொல்வதென்றால், அண்ணன் மகள் மறுபடியும் குறுகிய கால ஒப்பந்தம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். பெயருக்கு இடைவெளியில்லாத வேலை. எனக்கென்னவோ இதுவே கூடுதலாகக் கவலை தருகிறது. சில மாதங்களில் போகப்போகிறவளுக்குப் பயிற்சி தர நிர்வாகம் செலவழிக்காது; நாளை பயன்படாத ஒன்றைக் கற்க அவளும் முனைவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்குவதால் அனுபவம் கூடியும் சம்பளம் நகர்வதில்லை.

மந்தக் காலத்தில் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த கனடாப் பட்டதாரிகளின் சம்பளத்திலும் தொடக்கத்தில் இத்தகைய குறைவு இருந்தது. அது ஏறத்தாழப் பத்தாண்டுகளில் சரியானது, பெரும்பாலும் அவர்கள் நல்ல சம்பளம் தரும் நிறுவனங்களுக்கு மாறியதால்தான். எனவே உங்கள் மகன் இப்போதைய வேலையைச் செய்துகொண்டே வேறிடம் தேடுவதில் தவறில்லை. அங்கே பயிற்சி ஏதும் தருகிறார்களா என்று அவனிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்