வீட்டைப் பற்றிச் சொல்கிறவர்கள் கடலைப் பற்றியும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை நெருங்கினாலே புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டில் தொடங்கி கடலூர்ப் பக்கத்தில் எங்கள் தாழங்குடா வரைக்கும் கடற்கரை வீடு வாடகைக்கு என்று விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. எத்தனை அறை, எத்தனை ஏசி, நீச்சல் குளம் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று எல்லாம் இருக்கிறது. வீட்டு வாசலில் இருக்கும் கடலைப் பற்றி மட்டும் "கடலை ஒட்டி" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. அங்கே மணல் இருக்கிறதா, கருங்கல் கொட்டியிருக்கிறார்களா, இறங்கிக் குளிக்கலாமா, கூடாதா, வயதானவர்கள் நடந்து போக வழி இருக்கிறதா என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாமல் வாடகைக்கு விடக்கூடாது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இப்படிப்பட்ட வீடுகளே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். எங்கள் குடும்பத்துக்கு அவை வேண்டும். ஒருவர் நெய்வேலியில், ஒருவர் சென்னையில், இரண்டு பேர் பெங்களூரில், புதுச்சேரிக் கிளை பாதிக்கும் மேல் பிரான்ஸில். பெரிய வீட்டைப் பாகம் பிரித்து விற்றாகிவிட்டது. மூன்று தலைமுறை ஒன்றாகப் படுத்து எழுந்திருக்க இன்றைக்கு எந்த உறவினர் வீட்டிலும் இடம் கிடையாது. விடுதியில் அறை போட்டால் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்கள், பேச்சும் போச்சு. ஒரே கூடத்தில் பாய் விரித்து, விடிய விடியப் பேசி, காலையில் பத்துப் பேருக்கு ஒரே அடுப்பில் காப்பி போட்டுக் குடிக்க ஒரு வீடு கிடைக்கிறதென்றால் அதற்குக் காசு கொடுக்கலாம், தப்பே இல்லை.

மாமியாருக்கு எண்பது வயது நிறைந்ததற்காகப் புதுச்சேரிக்கு வடக்கே அப்படி ஒரு வீடு எடுத்தோம். படத்தில் வாசல் கேட்டைத் திறந்தால் பரந்த மணல், அதற்கப்புறம் அலை. நேரில் போய்ப் பார்த்தால் கேட்டைத் தாண்டி ஆள் உயரத்துக்குக் கருங்கல் அடுக்கு, அதன் மேல் நேராகக் கடல் வந்து மோதுகிறது. மணல் என்று சொல்ல ஒரு கைப்பிடி கூட இல்லை. படம் எந்த வருடம், எந்த மாதம் எடுத்தது என்று கேட்டதற்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குத் தெரியவில்லை, உரிமையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. கடலில் கால் நனைக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாமியார், மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்ததோடு சரி. மூட்டு வலிக்காரர் அந்தக் கல்லில் எப்படி இறங்குவார்?

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பொறுப்பார்களா? நாத்தனார் மகன் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டே அலைக்குப் பக்கத்தில் போய்விட்டான். பாசி பிடித்த கல், கால் வைத்தால் வழுக்கும். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் பார்த்துவிட்டுக் கத்தினார்: "எம்மா, புள்ளைய அந்தப் பக்கம் வுடாதீங்கம்மா, கல்லு இடுக்குல உள்ள இழுத்துடும், எங்க ஆளுங்களே அங்க எறங்க மாட்டாங்க." எங்களுக்கு அந்த வீட்டில் யாருமே சொல்லாத விஷயத்தை, எங்களிடம் ஒரு பைசா வாங்காத அந்த அம்மா சொன்னார். அவர் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.

கல் ஏன் வந்தது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான், வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். நம்முடைய கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மாதங்கள் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அதற்குத் தெற்கேயே தங்கிவிட்டது. புதுச்சேரி நகரத்துக் கடற்கரை போனது, அங்கே கல் கொட்டினார்கள், அப்புறம் அரிப்பு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே நகர்ந்துகொண்டே போனது. மீனவர்கள் வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர், கட்டிக்கொடுங்கள் என்று சாலையில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு போட்ட இடத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், மறு பக்கம் அரிக்கும். ஆக, இந்த வருடம் மணல் இருக்கும் வாசலில் அடுத்த வருடம் இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அப்படியிருக்கும்போது பழைய படத்தைப் போட்டு வீட்டை வாடகைக்கு விடுவது ஏமாற்று வேலை. அந்தந்தப் பருவத்தில் எடுத்த படத்தை, தேதியோடு போடச் சொல்வது பெரிய விஷயமா?

மணல் இருந்துவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு விடுமுறைக்கும் உங்கள் நாளிதழிலேயே கடலில் குளிக்கப் போன மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டார்கள் என்ற செய்தி வருகிறது. நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்காலைப் போல இடம் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே பாயும். அந்த இடத்தில் அலை உடையாது, இரண்டு பக்கமும் நுரை அடித்துக்கொண்டிருக்க நடுவில் அமைதியாகத் தெரியும், அதனால்தான் குழந்தைகளை அங்கே இறக்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போய்விடக் கூடாது. மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போய், இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கல் சுவர், தூண்டில் வளைவு ஓரங்களில் இந்த இழுப்பு அதிகம். இதைத் தமிழிலும், வருகிறவர்களுக்குப் புரியும் மற்ற மொழிகளிலும் ஒரு அட்டையில் எழுதி, கடல் பக்கக் கதவில் மாட்டலாம். பக்கத்தில் ஒரு மிதவை வளையமும் நீளமான கயிறும், 108, 112 எண்களும், பக்கத்துக் காவல் நிலையத்தின் எண்ணும் இருக்கட்டும். நீச்சல் குளத்துக்கு நீல விளக்குப் போடச் செலவு செய்கிறவர்களுக்கு இது ஒரு செலவே அல்ல.

காவல் நிலையம் என்றதும் இன்னொன்று. புதுச்சேரி வீடு என்று சொல்லி வாடகைக்கு விடும் வீடுகளில் பல புதுச்சேரியிலேயே இல்லை. கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். சாலையில் போகும்போது எங்கே எல்லை மாறியது என்று ஊர்க்காரர்களுக்கே சில இடங்களில் குழப்பம் வரும். ஏதாவது ஒன்று நடந்தால் எந்தக் காவல் நிலையம் என்று ஓடுவது? புதுச்சேரியில் பாட்டில் வாங்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் "புதுச்சேரி வீட்டுக்கு" போகும் வெளியூர்க்காரர், தான் மாநில எல்லையைத் தாண்டி மதுபானம் கொண்டுபோகிறோம், வழக்கு வரும் என்பதே தெரியாமல் சோதனைச் சாவடியில் நிற்கிறார். வீடு எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த ஊராட்சி அல்லது நகராட்சி என்று விளம்பரத்தில் இருந்தாக வேண்டும்.

எங்களைப் போல பிரான்ஸ் குடியுரிமை உள்ள சொந்தக்காரர்களோடு தங்குகிற குடும்பங்கள் இங்கே நிறைய. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்வது வீட்டை விடுகிறவரின் பொறுப்பு. இது பல பேருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சிலர் தொல்லை என்று கடைசி நேரத்தில் வேண்டாம் என்கிறார்கள். பாரிஸில் இருந்து வந்து இறங்கிய சித்தப்பாவை ராத்திரி வாசலில் நிற்க வைத்துப் பேசும் பேச்சா அது?

"தனிக் கடற்கரை" என்று விளம்பரம் செய்கிறவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. அலை ஏறி இறங்கும் கரை யாருடைய பட்டாவிலும் வராது, அது பொது இடம். அங்கே படகு நிறுத்துவதும் வலை காயப்போடுவதும் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது. தனிக் கடற்கரை என்று காசு வாங்கிவிட்டால் வந்தவர்கள் படகைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள், ஊர்க்காரர்களோடு தகராறு வருகிறது. விடிவதற்கு முன்பே கடலுக்குப் போகிற மக்கள் பக்கத்துத் தெருவில் தூங்குகிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் நடுராத்திரி வரை ஒலிபெருக்கி வைக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. கடலைப் பார்த்துப் பெரிய விளக்குகளை எரியவிட்டால் பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகாமல் வீடுகள் பக்கம் வந்துவிடும். இதையும் அதே அட்டையில் எழுதலாமே.

வீட்டுக்குள் இருக்கும் குறைகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சமையலறை உண்டு என்பார்கள், போனால் ஒரு மின் அடுப்பும் இரண்டு பாத்திரமும் இருக்கும், இருபது பேருக்குச் சாதம் வடிக்க முடியாது. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. குழாயில் உப்புத் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர், அது கடலோரத்தில் எதிர்பார்க்க வேண்டியதுதான். மே மாதம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கடலூர் துறைமுகத்துக்கு விடிகாலையில் போய் வஞ்சிரம் வாங்கிவரலாம் என்று வந்துவிட்டு விலையைக் கேட்டு மீனவர்களைத் திட்ட வேண்டாம். அப்போது கிடைப்பது சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீன்தான், சங்கரா, நெத்திலி என்று கிடைப்பதை வாங்கிக் குழம்பு வையுங்கள், அதன் ருசியே தனி.

முன்பணம் விஷயத்தை மட்டும் விட முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை ஏறியது, முந்திரியும் பலாவும் வேரோடு போனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, அந்த ஒரு நாளில் மட்டும் நகரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இரண்டுமே ஆட்கள் வீடு எடுத்துத் தங்க வரும் மாதங்களில் வந்தவை. வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்து, கடற்கரைக்கு யாரும் வராதீர்கள் என்று மாவட்ட நிர்வாகமே சொல்லும்போது கூட, "வீடு திறந்துதான் இருக்கிறது, நீங்கள் வரவில்லை, பணம் திரும்பத் தர முடியாது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு புயலுக்குள் வா என்றா சொல்கிறார்கள்? கொடுத்த பணம் போய்விடுமே என்று யாராவது கிளம்பி வந்துவிட்டால் என்ன ஆவது? கடற்கரைக்குத் தடை என்று அரசு அறிவித்த நாட்களுக்கு முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும், இது விதியாகவே இருக்க வேண்டும். மற்ற நாட்களில் நாமாக ரத்து செய்தால் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளட்டும், அதில் நியாயம் இருக்கிறது. வீட்டைக் காலியாக வைத்திருந்தவருக்கும் நஷ்டம்தானே.

ஒழுங்காக நடத்துகிற உரிமையாளர்களும் இருக்கிறார்கள். தேவனாம்பட்டினம் பக்கத்தில் எங்கள் உறவினர்கள் எடுத்த ஒரு வீட்டில், "இன்றைக்குக் கடல் சரியில்லை, இறங்க வேண்டாம்" என்று வீட்டுக்காரப் பெரியவரே காலையில் வந்து சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பிச்சாவரம் கூட்டிப்போங்கள் என்று வண்டிக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தார். அவரைப் போன்றவர்களுக்கு இந்த விதிகளால் ஒரு சிரமமும் வராது.

புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டு அரசுகளின் சுற்றுலாத் துறைகளும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் இது, ஏனென்றால் கரை ஒன்றுதான், எல்லைதான் இரண்டு. பதிவு எண் இல்லாத வீட்டுக்கு விளம்பரம் கூடாது, கடலைப் பற்றிய தகவல் இல்லாமல் பதிவு எண் கூடாது. கோடை விடுமுறைக்கு இப்போதே முன்பதிவு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன்பாகக் கடலோரக் கிராமங்களின் மீனவப் பஞ்சாயத்துகளையும் கூப்பிட்டு, எந்த எந்த இடத்தில் இறங்கக் கூடாது என்று அவர்களிடமே கேட்டு எழுதி வாங்கி, அந்தப் பட்டியலை உங்கள் நாளிதழில் வெளியிடச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.