நூலைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

கரையோரக் கடலில் லேசான ராடும் (தூண்டில் கோல்) லூர் என்கிற செயற்கை இரையும் வைத்து மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. நேரில் பார்க்கும்போதெல்லாம் "ரொம்ப நன்றி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். மனசுக்கு அது போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், எனக்கு ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த தூண்டில்) கொடுத்த அண்ணன். மூன்று மாதமாக ஒரு மீன்கூட என் லூரைத் தொடவில்லை. வீசுவேன், தண்ணீரில் விழுந்த உடனே ரீலைக் கடகடவென்று சுற்றுவேன், மறுபடி வீசுவேன். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சுத்துறதை நிறுத்துங்க. லூர் இறங்கும்போது நூலைப் பாருங்க" என்றீர்கள். 7 கிராம் ஜிக் ஹெட்டில் ரப்பர் மீனை நேராகக் கோத்து, ராட் நுனியை இரண்டு தட்டுத் தட்டி, அப்படியே இறங்கவிட்டீர்கள். நூலில் கொஞ்சம் தொய்வு, கொஞ்சம் பிடிப்பு. அடிபட்ட மடவைக் குஞ்சு தடுமாறி விழுகிற மாதிரி அது விழும், பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் மீன் வாய் வைக்கும் என்று சொன்னீர்கள். அடுத்த வாரம் என் நூல் ஒரு விரல் அகலத்துக்குப் பக்கவாட்டில் நகர்ந்தது. கையில் ஒன்றுமே தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. ராடைத் தூக்கினேன். ஒரு பாரை மீன், ஒரு கிலோகூட இருக்காது. மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற ரீலின் டிராக் சத்தம் போட்டு நூல் ஓடியபோது என் உடம்பே நடுங்கியது. அந்த நடுக்கம் நீங்கள் தந்தது, அண்ணா.

அக்கா, இரண்டு நூலை இணைக்கிற எஃப்ஜி முடிச்சு உங்களிடம் கற்றது. 10 பவுண்டு பிரெய்டை (பின்னல் நூல்) லூர் பக்கம் வருகிற 20 பவுண்டு லீடர் நூல் மேல் மாற்றி மாற்றி இருபது சுற்று. காற்று அடிக்கிற கரையில் நின்று என் விரலைப் பிடித்துச் சுற்ற வைத்தீர்கள். நனைத்து இழுத்து இறுக்கும்போது பிரெய்டின் நிறம் சற்றுக் கறுக்கும், அப்போதுதான் அது லீடரைக் கடித்துப் பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தீர்கள். இன்றைக்கும் அந்த நிறம் மாறாமல் நான் வீசுவதில்லை. வீசியதும் ரீலில் நூலை வழிநடத்துகிற பெயில் கம்பியைக் கையால் மூடி, தொய்வை இழுத்துவிட்டுச் சுற்றச் சொன்னதும் நீங்கள்தான். அதற்கப்புறம் நூல் சிக்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

படகு அண்ணனிடம் கற்றது தண்ணீரை. வற்றம் தொடங்கி, கடல் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் ஓடை வாயில் போய் நிற்போம். உள்ளே இருக்கிற சின்ன மீனும் இறாலும் ஓட்டத்தோடு வெளியே வரும், பெரியது ஓட்டத்தைப் பார்த்தபடி காத்திருக்கும். லூரை மேல் பக்கம் வீசி, தண்ணீரோடு சேர்ந்து வரவிட வேண்டும். ஓட்டம் நின்றுவிட்டால் பெட்டியை மூடிவிடுவீர்கள். அந்த நிதானம் எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

அப்புறம் தம்பி. பேர்கூடக் கேட்கவில்லை. மும்முனைத் தூண்டில் என் விரலில் எதிர்முள் (முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கிற சின்ன முள்) மறையும்வரை இறங்கிய அன்று நீதான் ஓடிவந்தாய். வளைவில் நூலை மாட்டி, காம்பை விரலோடு அழுத்திக்கொண்டு, சட்டென்று ஒரே இழுப்பு. வலி தெரிவதற்குள் வெளியே வந்துவிட்டது. டெட்டனஸ் ஊசி போடச் சொன்னாய், போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து என் தூண்டில் எல்லாவற்றிலும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுகிறேன். மீனை விடுவிப்பதும் சுலபமாகிவிட்டது. கையை நனைத்துப் பிடித்து, ஒரு நொடியில் தண்ணீரில் விட முடிகிறது.

அண்ணா, நீங்கள் கொடுத்த மூன்று ஜிக் ஹெட்டும் பாறையில் மாட்டிப் போய்விட்டன. புதிதாக ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். அமாவாசை வற்றத்துக்கு எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்களிடம் கற்றுக்கொண்டவன்