கயிறு யார் கையில் இருக்க வேண்டும்: நலச்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருவில் உள்ள எங்கள் லேஅவுட் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறோம். "தெருநாய்த் தொல்லையைத் தவிர்க்க வீட்டுக்காரர்கள் கேட்டை மூடி வைக்கவும், ஃபினாயில் தெளிக்கவும், நீலத் தண்ணீர் பாட்டில் வைக்கவும், மாநகராட்சிக்குப் புகார் செய்யவும்" என்கிறது அது. புகார் எந்த நாயைப் பற்றி என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கழுத்தில் பட்டை உண்டு, கூப்பிடப் பெயர் உண்டு, விடிகாலையில் அதற்காகத் திறக்கப்படும் கேட்டும் உண்டு. கயிறில்லாமல் அவிழ்த்துவிட்ட அது எங்கள் வாசல்களில் கழித்துவிட்டுப் போகிறது. அப்படிப்பட்ட நாயைத் தெருநாய்க் கணக்கில் எழுதுவது எப்படி நியாயம் ஆகும்?

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயையும் வளர்ப்பு நாயையும் தனித்தனியாகவே வைக்கின்றன. தெருநாய் உள்ளாட்சியின் பொறுப்பு. பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள். வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் போட வேண்டியவர் அதன் சொந்தக்காரர். ஆகவே மாநகராட்சி வண்டி வந்தாலும் எங்கள் வாசலுக்கு விடிவு கிடையாது. தீர்வு அந்த ஒரு கேட்டில் இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நாயை வெளியே கொண்டுவருபவர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வரட்டும், அது கழிப்பதை அவரே அள்ளட்டும். இதைச் சங்கத்தின் பெயரில், எழுத்தில், நாய் வளர்க்கும் எல்லா வீடுகளுக்கும் கொடுங்கள்.

30க்கு 40 அடி மனையில் வீடு கட்டினால் முன்பக்கம் என்ன மிஞ்சும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கார் நிற்க இடம், காம்பவுண்டு ஓரமாக ஒன்றரை அடி மண், அதில் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் ஒரு துளசித் தொட்டியும். அந்தத் தரைக்கு அடியில்தான் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. காவேரித் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்து வீடு முழுக்கக் குடிப்பதும் சமைப்பதும் அதிலிருந்துதான். இங்குள்ள பழைய வீடுகளில் சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கிறது. மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழையும் இடுக்கு. கொத்தனார் வைத்த வாட்டம் பல வீடுகளில் மூடியை நோக்கியே ஓடுகிறது. நாய் அங்கே அசிங்கம் செய்துவிட்டுப் போனால், "ஒரு பக்கெட் தண்ணி ஊத்தித் தள்ளிவிடுங்க" என்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இடுக்கு வழியே குடிக்கிற தண்ணீருக்குள்தான் போகும்.

அதனால் இந்தத் தரையை எடுத்தவுடன் கழுவ முடியாது. முதலில் காய்ந்த மண்ணோ மரத்தூளோ தூவி, அட்டையால் வழித்து எடுக்க வேண்டும். மிச்சத்தை ஈரத்துணியால், மூடிப் பக்கத்திலிருந்து கேட்டுப் பக்கமாக மட்டும் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிய வேண்டும். ராத்திரி மழை பெய்து எல்லாம் கரைந்து ஓடியிருந்தால் இன்னும் மோசம். சம்ப்பைக் காலி செய்து, அடியில் படிந்த வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்பியபின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது 6000 லிட்டர் சம்ப்புக்கு 15 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடரைப் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், அதை நம்பக் கூடாது. இவ்வளவு செய்தாலும் இந்த அளவுக் குளோரின் பாக்டீரியாவைத்தான் கொல்லும். புழு முட்டைகள் அதில் சாகாது. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. அந்த ஊரில், யாரோ ஒருவர் கேட்டைத் திறந்துவிட்டதற்காக ஒரு வீடு சம்ப் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டியிருக்கிறது.

மூடியைச் சுற்றி நாலு அங்குல உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசலாமே என்று கேட்பீர்கள். பூசலாம், பூசியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூடி மேல் கார் ஏறி இறங்கும் வீடுகளில் அது நடக்காது.

மண் பகுதியின் கதை வேறு. புதிதாகக் கிடக்கும் மலத்திலுள்ள உருண்டைப் புழு முட்டை உடனே தொற்றாது. அது முதிர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதிர்ந்துவிட்டால் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு இன்னும் வேகம். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்திலேயே குஞ்சுப்புழு தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். விடிகாலையில் வெறுங்காலோடு வாசல் கூட்டித் தெளித்துக் கோலம் போடுபவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பெண்கள், அல்லது சம்பளத்துக்கு வரும் அக்காமார்கள். இன்னொரு வீட்டு நாயின் கழிவை அள்ளுவது அவர்கள் வேலையில் சேராது. அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் முட்டை மண்ணில் இறங்குவதற்குள் ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். அள்ள வேண்டியவர் யார் என்பதில்தான் வழக்கு.

இனி சுற்றறிக்கையில் சொன்ன வைத்தியங்கள். நீலத் தண்ணீர் பாட்டிலைக் கண்டு நாய் ஓடாது. நாய்க்கு நீலம் நன்றாகவே தெரியும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஃபினாயில் வாசனை நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. பழைய இடத்தின் வாடை இருக்கும்வரை அது அங்கேயே வரும். அதற்கு மேல், ஃபினாயில் பட்ட பாதத்தை நக்கினால் நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். வாடை போக வேண்டுமானால் வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கரைசலை ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் தானாகக் காயவிட வேண்டும். மூத்திரம் பெய்த இடத்தில் ப்ளீச்சிங் ஊற்றவே கூடாது, கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் புகை கிளம்பும். செடி மேல் பெய்திருந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் அதிலுள்ள நைட்ரஜன் வேரைக் கருக்கிவிடும்.

மிளகாய்ப் பொடி, நாஃப்தலின் உருண்டை (பாச்சை உருண்டை) என்று குடியிருப்பவர்களில் சிலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து அதைக் கண்டியுங்கள். நாஃப்தலின் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். விலங்குக்கு விஷம் வைப்பது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். அந்த நாய் மேல் எங்களுக்குத் துளியும் கோபமில்லை. நீங்கள் பேசாமல் இருக்க இருக்க, பொறுமை இழந்த ஒருவர் செய்யும் காரியத்துக்கு அந்த வாயில்லா ஜீவன்தான் பலியாகும்.

வளர்ப்பவருக்கு இது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள்ளும்தான் பெரும்பாலும் நாய் கழிக்கும். அந்த இரண்டு வேளையும் ஐந்தடிக் கயிற்றில் அழைத்துப் போனால் போதும். கையில் ஒரு பையை உறைபோல மாட்டிக்கொண்டு, கழிவைப் பிடித்து, பையை வெளிப்புறமாக உருவி முடிச்சுப் போட்டால் விரலில் ஒன்றும் படாது. செய்தித்தாளில் சுற்றி, நாப்கின், டயப்பர் போடும் கழிவோடு சேர்க்க வேண்டும். உரமாகப் போகிற ஈரக் கழிவில் போடக் கூடாது, மழைநீர்க் கால்வாயில் எறியவே கூடாது. பை இல்லாமல் வீட்டுக் கழிப்பறையிலும் கொட்டித் தண்ணீர் விடலாம். வெளியே அழைத்துப்போக நேரமே இல்லை என்பவர்கள், தங்கள் காம்பவுண்டுக்குள் மூன்றடிக்கு மூன்றடி மணல் கொட்டி, அதே நேரத்தில் அதே இடத்தில் கொண்டு நிறுத்திப் பழக்கலாம்.

இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது கிடைத்த பதில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். இந்த நகரத்தில் எப்போதும் அட்ஜஸ்ட் செய்பவர் தொல்லைக்கு ஆளானவராகவே இருக்கிறார். நடைபாதையில் பைக் நின்றால் நடப்பவர் இறங்கிப் போக வேண்டும். பக்கத்து போர்வெல் ராத்திரி முழுக்க ஓடினால் தூங்குபவர் ஜன்னலைச் சாத்த வேண்டும். நுழைவாயில் வளைவுக்குப் பெயின்ட் அடிக்கவும் முனையில் கேமரா வைக்கவும் சந்தா கேட்டு வீடு வீடாக வந்த சங்கத்துக்கு, ஒரே ஒரு வீட்டின் மணியை அடித்து நாலு வார்த்தை பேச ஏன் இவ்வளவு தயக்கம்? அந்த வீட்டுக்காரர் நிர்வாகக் குழுவுக்கு வேண்டியவர் என்பதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாய் வளர்க்கத் தடை போடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்த அதிகாரம் சங்கத்துக்கு இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அபராதமும் கேட்கவில்லை. கயிறு, கையில் பை, சுத்தம் செய்யும் பொறுப்பு. இந்த மூன்றையும் எழுத்தில் அறிவியுங்கள். நாய் வளர்ப்பவர்களிடம் மாநகராட்சி உரிமம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இரண்டின் நகலையும் வாங்கிச் சங்கத்தில் வையுங்கள். பழைய சுற்றறிக்கையைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வரும் ஞாயிறு கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அறிவிப்பின் வாசகத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாங்களே எழுதித் தருகிறோம். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நான்காவது கிராஸ் குடியிருப்பாளர்கள்,
பெங்களூரு