லடாக் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பயண அமைப்பாளர் கொடுத்த நாள்வாரித் திட்டமும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். நீயும் மச்சானும் லடாக் போவதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் இந்தத் திட்டத்தை நம்பி முன்பணம் கட்டிவிடாதே.

அதிலுள்ள மடாலயம், ஏரி, மணல்மேடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒவ்வோர் இரவும் எங்கே படுக்கிறீர்கள், அந்த இடம் எவ்வளவு உயரம் என்று மட்டும் ஒரு தாளில் எழுது. மணாலி 2,050 மீட்டர். மறுநாள் சர்ச்சு, ஏறத்தாழ 4,300. அதற்கடுத்த நாள் லே நகரம், 3,500. ஒரே இரவில் 2,200 மீட்டருக்கு மேல் ஏற்றம்! 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் அங்கேயே இன்னோர் இரவு தங்க வேண்டும் என்று மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில் ஒரு கணவாயைத் தொட்டுவிட்டு இறங்கினால் உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். தூக்கத்தில்தான் மூச்சு விட்டுவிட்டு வரும், ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையும். அதனால்தான் படுக்கும் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறோம். 2020இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோத்தாங் கணவாய் ஏறும் நேரம் மிச்சமாகிவிட்டது. அந்த நேரத்தை வழியிலுள்ள ஜிஸ்பாவில் (3,200) தங்கச் செலவிடாமல் நேராகச் சர்ச்சுவுக்கு ஓட்டிப் போவதுதான் இந்தத் திட்டத்தின் கோளாறு.

திசையை மாற்றச் சொல். ஸ்ரீநகர் (1,585) வழியாக உள்ளே போய், மணாலி வழியாக வெளியே வரட்டும். ஸ்ரீநகரிலிருந்து ஜோஜி லா (‘லா’ என்றால் கணவாய்) ஏறி இறங்கி முதல் இரவு கார்கில், 2,676. மறுநாள் நமிகா லா, போத்து லா இரண்டையும் கடந்து ஆல்ச்சியில் தங்கினால் 3,100. அதற்கு மறுநாள் லே. இதைவிடப் பதமான ஏற்றம் அந்தப் பக்கத்தில் கிடையாது. லேயில் ஒரு முழுநாள் சும்மா இருங்கள். விமானத்தில் நேராக லேயில் இறங்குவதாக இருந்தால் 48 மணி நேர ஓய்வு கட்டாயம். ‘ஊருக்குள்ளே லேசாக ஒரு சுற்று’ என்று இறங்கின அன்றே படியேற விடாதே. திரும்பும்போது சர்ச்சுவில் படுத்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும்.

லேக்குப் பிறகு நுப்ரா பள்ளத்தாக்கு. நடுவில் கர்துங் லா 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், அதனால் படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். நுப்ராவில் படுக்கும் ஹுண்டர் 3,100தான், லேயைவிடத் தாழ்வு. நல்ல தூக்கம் வரும்.

எனக்குப் பயமெல்லாம் பாங்காங் ஏரி இரவைப் பற்றித்தான். ஏரிக்கரை 4,250 மீட்டர். லேயோடு ஒப்பிட்டாலே 750 மீட்டர் அதிகம், அதனால் அது எப்போதும் கடைசியில் வர வேண்டும், ஓர் இரவு போதும். நடு இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் கீழே இறக்க வேண்டும், அதுதான் வைத்தியம். ஆனால் அங்கிருந்து லேக்கு வர சாங் லாவைத் தாண்ட வேண்டும். அது 5,360 மீட்டர். இறங்குவதற்காக முதலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது! ஷியோக் ஆற்றோரமாக நுப்ராவுக்குப் போகும் பாதையில் கணவாய் இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பனி உருகி ஓடைகள் பெருகினால் அந்த வழி அறுந்துவிடும். அதனால் அன்று பகலிலேயே, தலைவலியோடு யாராவது இருந்தால் அவரை ஏரிக்கரையில் படுக்க வைக்காமல் சில நூறு மீட்டர் கீழே உள்ள தாங்ட்சேயில் தங்க வைக்க வேண்டும். இது திட்டத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று கேள். மதியம் மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய முடிவை இரவு பதினொரு மணிக்கு எடுத்தால் கையில் வழி இருக்காது.

குழுவாகப் போவதில் பாதுகாப்பு அதிகம் என்று நினைப்போம். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் விஷயத்தில் நேர்மாறாகவும் நடக்கும். பன்னிரண்டு பேருக்கு ஒரே டெம்போ டிராவலர். ‘என் ஒருத்தனால் எல்லோருடைய பயணமும் கெட வேண்டுமா?’ என்று தலைவலியை மறைப்பார்கள். வழிகாட்டி வண்டிக்குள் திரும்பி ‘எல்லோரும் ஓகேவா?’ என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். நல்ல வழிகாட்டி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பார்: தலைவலி, குமட்டல், அசதி, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். தலைவலியும் இருந்து, கூட்டினால் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அது மலைநோய். லேக் லூயிஸ் அளவுகோல் என்று இதற்குப் பெயர், 2018இல் திருத்திய முறை இது. மூன்றைத் தொட்டவர் மறுநாள் ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் இறக்க வேண்டும். வெயில், வண்டிக் குலுக்கல், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் தேடவே கூடாது. அந்த உயரத்தில் வேறு நோய் என்று உறுதியாகும்வரை அது மலைநோய்தான்.

இரண்டு அடையாளங்களை நீயும் தெரிந்துகொள். தரையில் ஒரு நேர்கோடு கிழித்து, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல். தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் சேர்ந்தால் நுரையீரலில் நீர். இரண்டில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் வைத்து, அப்போதே வண்டியைக் கிளப்ப வேண்டும். அதற்குத்தான் இரண்டு வண்டி கேட்கச் சொல்கிறேன், மற்றவர்கள் தங்க, ஒரு வண்டி இறங்க. செலவு கூடும், கூடட்டும்.

‘ஆக்சிஜன் உண்டு’ என்று திட்டத்தில் போட்டிருக்கிறார்கள். என்ன ஆக்சிஜன் என்று கேட்டாயா? கையடக்க டப்பாவில் 10 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுத்தால் ஐந்தே நிமிடம். ‘பி டைப்’ சிலிண்டரில் 1,500 லிட்டர், அதே வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரும். லேயிலிருந்து கிளம்பும் முன் அதைத் திறந்து காட்டச் சொல். முள் நிறைவைக் காட்டுகிறதா, திறக்கும் சாவி கூடவே கட்டியிருக்கிறதா, முகமூடிக் குழாய் பொருந்துகிறதா என்று பார். சிலிண்டர் இருந்து சாவி இல்லையென்றால் பயனில்லை.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை ரொம்ப நம்பாதே. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் விட்டுப் பார். லேயில் நலமாக இருப்பவருக்கே 85 முதல் 90 சதவீதம் வரை காட்டலாம். எண் நன்றாக இருந்தும் ஆள் வாடியிருந்தால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். தடுப்புக்கு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கலாம். கடையில் பெரும்பாலும் 250தான் கிடைக்கும், பாதியாக உடைத்துக்கொள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாம். மச்சானின் பி.பி. மாத்திரையும் நீர் பிரியச் செய்யும் வகையா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடு. மாத்திரை போட்டுக்கொண்டால் சர்ச்சுவுக்கு ஒரே நாளில் ஏறலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. முதல் இரண்டு மூன்று இரவுகள் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டுமே தூக்கத்தில் மூச்சை மேலும் தளர்த்தும். தண்ணீர் நாளைக்கு மூன்று லிட்டர் போதும். குடம் குடமாகக் குடித்தால் மலைநோய் வராது என்பது தவறு.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். நம் ஊரில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள். பவர் பேங்கை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுதும் தடுப்பதாக, பக்கவாட்டையும் மறைப்பதாக இருக்கட்டும். ஓடைகளைக் காலையிலேயே கடக்கும்படி விடியற்காலைப் புறப்பாடு வேண்டும்.

அமைப்பாளரிடம் இப்போது கேட்க வேண்டியது: இரவு உயரங்கள் மாறுமா, இரண்டாவது வண்டி உண்டா, எந்த வகை சிலிண்டர், ஒருவரை இறக்குவதா என்ற முடிவை எடுப்பது யார். ‘பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடு. எழுத்தில் பதில் தந்தால் அப்படியே எனக்கு அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன். பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்