மே 5 அன்று சாத்தும் ஷட்டரை மே 1 அன்றும் சாத்துங்கள், அண்ணாச்சி

தமிழ்நாட்டு வணிகர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், அந்தச் சங்கங்களில் இருக்கும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மளிகைக்கடை முதலாளிமாருக்கும் வணக்கம்.

நான் சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் 11 வருஷம் நின்றவள். காலை 9.30க்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி 10 மணிக்கு ஷட்டர் இறங்கும்வரை நிற்பதுதான் அந்த வேலையில் பாதி. இப்போது தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பி, வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கடைக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே கூப்பிடுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான் அண்ணாச்சி. வருஷா வருஷம் மே 5 அன்று வணிகர் தினம் என்று கடையை மூடி மாநாட்டுக்குப் போகிறீர்கள். அதற்கு நாலு நாள் முன்னால் மே 1 வருகிறது. அன்றைக்கும் மூடுங்கள்.

மே 1 எங்களுக்கு எப்படிப் போகும் தெரியுமா? பள்ளிக்கூடம் லீவு, ஆபீஸ் லீவு, பக்கத்தில் முகூர்த்த நாள் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். வாசலில் 'மே தினச் சிறப்புத் தள்ளுபடி' என்று பேனர் தொங்கும். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே தினச் சாயங்காலம் ஒருவர் மனைவி, மகளோடு வந்தார். சிவப்புச் சட்டை, அதில் சங்க பேட்ஜ். ஊர்வலம் முடிந்து நேரே வந்தவர் போல, காலரெல்லாம் வேர்வை. 18 சேலை விரித்துக் காட்டினேன். அடுத்ததை எடுக்கத் திரும்பியபோது ஒரு காலைத் தூக்கி அலமாரியின் கீழ்த்தட்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, உனக்கு இன்னைக்கு லீவு கிடையாதா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தேன். அவர் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "இன்னைக்கு வேலை வாங்கினா ரெட்டைச் சம்பளம் குடுக்கணும்மா. இல்லாட்டி இன்னொரு நாள் சம்பளத்தோட லீவு தரணும். சட்டம் இருக்கு."

அவர்கள் போனபிறகு அந்த 18 சேலையையும் முந்தி மேலே தெரிகிற மாதிரி மடித்து, அட்டை சொருகி அடுக்கினேன். மடிக்க மடிக்க அந்த வார்த்தை மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. சம்பள நாளன்று சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். "வேலை வேணுமா, வேண்டாமா?" என்றார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். அவருக்கும் அன்று லீவு இல்லை.

மே தினம் என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை நான். அம்மா பீடி சுற்றினாள். எங்கள் தெருமுக்கில் பீடித் தொழிலாளர் சங்கக் கொடிக்கம்பம் உண்டு. ஏப்ரல் 30 அன்றே அதற்குப் பெயிண்ட் அடிப்பார்கள். காயும்முன் தொட்டுப் பார்த்து, கையெல்லாம் சிவப்பாகித் திட்டு வாங்குவோம். காலை ஏழு மணிக்குக் கொடி ஏற்றி, கோஷம் போட்டு, எங்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள். பீடி சுற்றும்போது மடியில் வைக்கும் சுளகு (முறம்) அன்றைக்குச் சுவரில் சாய்ந்தே இருக்கும். மடியில் சுளகு இல்லாமல் அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருப்பதை வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் நான் பார்த்திருக்கிறேன். தலை பின்னிவிடும்போது அவள் விரலில் புகையிலைத்தூள் வாசம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

இந்த நாள் வந்த கதையை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் அப்போது 10, 12 மணி நேரம் வேலை வாங்குவது சாதாரணம். 1886 மே 1 முதல் எட்டு மணி நேரம்தான் வேலை என்று அங்குள்ள தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1884இலேயே முடிவெடுத்தது. அந்த நாள் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். மே 3 அன்று சிகாகோவில் மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் ராத்திரி ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். முடிகிற நேரத்தில் யாரோ குண்டு வீசினார்கள். வீசியது யார் என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றார்கள். 1887 நவம்பர் 11 அன்று பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், ஏங்கல் என்ற நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் லிங் என்பவர் சிறையிலேயே இறந்துபோனார். மிச்சம் மூன்று பேரை ஆறு வருஷம் கழித்து, விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று சொல்லி ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுதலை செய்தார். 1889இல் பாரிஸில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, அடுத்த வருஷம் மே 1 அன்று எல்லா நாட்டிலும் எட்டு மணி நேர வேலை கேட்டு ஊர்வலம் போக வேண்டும் என்று தீர்மானித்தது. அப்படித்தான் இது உலகத்துக்கே பொது நாளானது. அமெரிக்காவிலோ தொழிலாளர் தினத்துக்குச் செப்டம்பர் முதல் திங்கட்கிழமைதான் விடுமுறை. ரத்தம் சிந்தின இடத்திலேயே அந்த நாளுக்கு லீவு இல்லை என்று படித்தபோது வருத்தமாக இருந்தது.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம் விருப்பப்படி என்பதுதான் அவர்கள் கோஷம். என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டரை மணி நேரம் கடை. விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டு, துவைத்து, படுக்க 12 மணி. குளியலறை வரிசைக்காக 5.30க்கு எழுந்திருக்க வேண்டும். மூன்றாவது எட்டு மணி நேரத்தை நான் பார்த்ததே இல்லை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியது சென்னையில்தான். 1923 மே 1 அன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் ஒன்று, திருவல்லிக்கேணி கடற்கரையில் ஒன்று என்று இரண்டு கூட்டங்கள் நடந்தன. நடத்தியவர் சிங்காரவேலர். மீனவச் சமூகத்தில் பிறந்து வக்கீலாகி, ஒத்துழையாமை இயக்கத்தின்போது அந்தத் தொழிலையே விட்டவர். அப்போது அவருக்கு வயது 63. தொழிலாளருக்கும் விவசாயிக்கும் என்று ஒரு கட்சியையும் அன்றே தொடங்கினார். மே தினத்தை விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்பது அன்று வைத்த கோரிக்கைகளில் ஒன்று. லீவு கேட்டுத் தீர்மானம் போட்ட அந்தக் கடற்கரைக்கு எங்கள் விடுதியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். 11 வருஷத்தில் நான் அங்கே போனது நாலு தடவை.

அவர் கேட்டது இன்று சட்டத்தில் இருக்கிறது. 1958ஆம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலும் சம்பளத்தோடு விடுமுறை. அதோடு இன்னும் ஐந்து பண்டிகை நாள். அன்று வேலை வாங்கினால் ரெட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளமுள்ள மாற்று விடுமுறை. அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் எங்களிடம் ஏப்ரல் கடைசியிலேயே ஒரு தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நேரம் தரமாட்டார்கள். அந்த மாற்று விடுமுறை எந்த நாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2021இல் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் தளத்துக்கும் இரண்டு ஸ்டூல் வந்தன. நன்றியோடு சொல்கிறேன், அந்த வருஷம்தான் என் கால் வீக்கம் கொஞ்சம் குறைந்தது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்து, அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சாப்பாட்டு இடைவேளையில் கூட வேலை பார்த்த பிள்ளை செல்போனில் அந்தச் செய்தியைக் காட்டினாள். "அக்கா, நம்ம பன்னிரண்டரை மணி நேரத்தை எப்ப வாபஸ் வாங்குவாங்க?" என்று கேட்டாள். கடைகளுக்கான 1947 சட்டத்திலேயே எட்டு மணி நேரம் என்றுதான் இருக்கிறது என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

வணிகருக்கும் மே தினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது அண்ணாச்சி. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. பக்கிங்ஹாம், கர்நாட்டிக் என்ற துணி ஆலைகளின் தொழிலாளர்களுக்காக வந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முதலில் விதை போட்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆலைக்காரர்கள் இல்லை. வியாபாரிகள். ஆலைத் தொழிலாளிகள் தங்கள் கஷ்டத்தை அவர்களிடம் வந்து சொன்னார்கள், அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்தச் சங்கம் ஆரம்பத்தில் கையில் எடுத்த குறைகளில் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பதும் ஒன்று. 20 நிமிஷத்தில் சோற்றை விழுங்கிவிட்டு மாடிப்படி ஏறி ஓடியவளுக்கு அதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். மளிகைக்கடை அண்ணாச்சி விடிகாலை சந்தைக்குப் போய் ராத்திரி 11 வரை தானே நிற்கிறார், அவரும் தொழிலாளிதான். ஆன்லைன்காரன் மூடமாட்டான், எதிர்க்கடைக்காரன் மூடமாட்டான், நான் மட்டும் மூடினால் வியாபாரம் போகுமே என்ற பயமும் நியாயம்தான். அதனால்தான் தனித்தனிக் கடைக்கு எழுதாமல் உங்கள் சங்கங்களுக்கு எழுதுகிறேன். எல்லோரும் சேர்ந்து மூடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பதை வருஷா வருஷம் மே 5 அன்று நீங்களே காட்டுகிறீர்கள். கல்யாணச் சேலை எடுக்க வேண்டியவர் அன்றைக்கு வராவிட்டால் ஏப்ரல் 30 வருவார், மே 2 வருவார். டாஸ்மாக்கே மே 1 அன்று மூடுகிறது. மருந்துக்கடை, ஓட்டல் மாதிரி மூட முடியாதவர்கள் ரெட்டைச் சம்பளத்தைக் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விடுமுறைத் தேதியை அன்றே எழுதிக் கொடுங்கள்.

லீவு கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மேனேஜர் எங்களிடம் கேட்டிருக்கிறார். தூங்குவோம் சார் என்றோம். இப்போது கேட்டால் இன்னும் சொல்வேன். மே 1 அன்று எல்லாக் கிராமத்திலும் கிராமசபை கூடுகிறது. போன வருஷம்தான் முதல்முறையாகப் போய் உட்கார்ந்தேன். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராததை எழுந்து நின்று சொன்னேன். பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த மே 5 மாநாட்டில் இதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள் அண்ணாச்சி. அப்புறம், கடைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்போது அதை எங்கே ஒட்டுவது என்றும் சொல்லிவிடுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினால் வேலைக்காரர்கள் பார்க்கமாட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே டிபன் டப்பா வைக்கும் அலமாரி இருக்கும். அதற்கு மேலே, பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவில் 11 வருஷம் நின்ற ஒருத்தி