ஞாயிறு மதியத்தை எங்களுக்குக் கொடுங்கள்

பெங்களூருவில் லைவ் மியூசிக் நடத்தும் பப் உரிமையாளர்களுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் கோலார் தங்கவயல் பசங்க. ஹார்ட் ராக் வாசிக்கிறோம், தமிழில் சொந்தப் பாட்டு. பாண்டின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், விடுங்கள். டிரம்மர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஒரு பாட்டுக்குக் கோரஸ் கன்னடத்தில் வரும். தங்கவயலில் இதையெல்லாம் யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை.

"பெங்களூருவில் உங்களுக்கு எத்தனை பேர் வருவார்கள்?" என்றுதான் எங்களிடம் முதலில் கேட்கிறீர்கள். வாடகையும் சம்பளமும் கொடுப்பவர்கள் நீங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எங்களுடைய கூட்டம் உங்கள் பப்கள் நிறைந்த இந்திராநகரில் இல்லை. தங்கவயல் சாம்பியன் ரீஃபிலும் பங்காரப்பேட்டையிலும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. அம்பேத்கர் ஜெயந்தி மேடையில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் வாசித்துச் சேர்த்த கூட்டம் அது. மாதா கோயில் திருவிழாவில் கிட்டார் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு பெரியவர் வந்தார். குறைத்தோம். பாட்டு முடிந்ததும் அவரே திரும்பி வந்து, "அடுத்தது எப்பப்பா?" என்றார். அப்புறம் கல்லூரி விழாக்கள். ஒரு ஊரில் கேட்டவன் பக்கத்து ஊர் நண்பனுக்குச் சொல்லி, அங்கிருந்து அழைப்பு வந்து, இப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊருக்குப் பிழைப்பே பெங்களூரு என்றாகிவிட்டது. விடியும் முன்னே எங்கள் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறி வேலைக்கு வந்து ராத்திரி வீடு திரும்புகிறவர்களில் எங்கள் பேஸ் கிட்டார்காரரும் ஒருவர். இந்த ஜனம் ஒரு கச்சேரிக்காக ஞாயிற்றுக்கிழமையும் ரயில் ஏறும். ஆனால் நீங்கள் கொடுக்கும் நேரம் வியாழன் இரவு ஒன்பதரை! எங்கள் பாட்டைக் கேட்பவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். இருபத்தொரு வயது ஆகாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். வயது இருப்பவர்களுக்கும் நிகழ்ச்சி முடிந்தால் ஊர் போக ரயில் கிடையாது. இவ்வளவுக்கும் பிறகு, "கூட்டம் வரலையே, டீப் பர்ப்பிள் கவர் நாலு போடுங்க" என்கிறீர்கள், அதாவது அந்த இங்கிலீஷ் ராக் பாண்டின் பாட்டை வாசிக்கச் சொல்கிறீர்கள். டீப் பர்ப்பிள் எங்களுக்கும் உயிர்தான். அதற்காக எங்கள் பாட்டை எப்போது வாசிப்பது?

2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிகா என்று வெளிநாட்டு மெட்டல் பாண்டுகள் இங்கே பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது வந்தவர்கள் எல்லாம் பெங்களூருக்காரர்களா? எங்கெங்கிருந்தோ ரயிலிலும் பஸ்ஸிலும் வந்த கூட்டத்தை வைத்துத்தான் இந்த நகரம் ராக் தலைநகரம் என்று பேர் வாங்கியது.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் மூன்றிலிருந்து ஆறரை வரை. பார் கவுண்டரை மூடிவிட்டு எல்லா வயதினரையும் உள்ளே விடுங்கள். சாப்பாடும் லைம் சோடாவும் நீங்கள் விற்றுக்கொள்ளுங்கள். டிக்கெட் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். கூட்டம் வராவிட்டால் எங்களுக்குப் பணம் வேண்டாம். வந்த பிறகும் "பேர் கிடைச்சதே, போதாதா?" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் கஷ்டமும் புரிகிறது. லைவ் மியூசிக்குக்கு உரிமம் கட்டாயம் என்ற 2005ஆம் ஆண்டு ஆணை செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மேடையையே எடுத்துவிட்ட இடங்கள் உண்டு. உரிமம் வாங்கி வைத்திருப்பவர்களைத்தான் கேட்கிறோம். மதியம் வாசித்தால் பத்து மணி ஒலிபெருக்கித் தடையைப் பற்றிய கவலையும் இல்லை.

சுரங்க இயந்திரங்களின் சத்தம் கேட்டுப் பழகிய ஊர்தான் எங்களுடையது. காவிரியின் சிவனசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் வந்தது தங்கவயல் சுரங்கத்துக்கு. உங்கள் ஊருக்கு 1905இல்தான். சும்மா ஒரு பெருமைக்குச் சொல்லிவைத்தேன்.

டிரம் கிட்டும் இரண்டு கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் ஒரு பேஸ் ஆம்ப்ளிஃபயரும் உங்களிடம் இருந்தால் போதும். ஸ்னேர், சிம்பல், பெடல் எல்லாம் நாங்களே கொண்டுவருவோம். சவுண்ட் செக்குக்கு ஒரு மணி நேரம் வேண்டும். பரீட்சை மாதங்களை விட்டு எந்த ஞாயிறு சொன்னாலும் சரி.